வக்கீலம்மா பெயரில் ஒரு பூட்டு

மிளகு வாங்குவதென்றால் பஸ் நிற்கிற இடத்தில் வாங்காதீர்கள், வக்கீலம்மா. மேலே காய்ந்ததைப் பரப்பி அடியில் ஈரத்தை வைத்திருப்பார்கள். நாமக்கல் போய்ப் பையைத் திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கும். சந்தைக் கடைசியில் பாப்பாயி கடை இருக்கிறது. அர்த்தனாரி அனுப்பினான் என்று சொல்லுங்கள், நல்லதாக அள்ளிக் கொடுப்பார். கொல்லிமலையில், இந்தச் சோளக்காட்டு ஊரில் என் பெயருக்கு இன்னும் அவ்வளவு மரியாதை இருக்கிறது. நாளைக்கு இருக்குமோ என்னவோ, அதனால் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

ஃபோன் மேசைமேலேயே இருக்கட்டும், பதிவாகட்டும். வெளியே நிற்கிற போலீஸ்காரர்களுக்கு டீ சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போனால் நான் சொல்வதை வேறொருவர் தன் பாஷையில் எழுதிக்கொள்வார். உங்களிடம் சொன்னால் நான் சொன்னபடியே நிற்கும். பரிமளா என்ற பெயரை இந்த ஒரு வருஷமாக நான்தான் அதிகமாக எழுதியிருக்கிறேன், அதனாலோ என்னவோ உங்களோடு பேசுவதில் எனக்குக் கூச்சமே இல்லை.

வாசல் பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, வரும்போது நீங்கள் பேசினீர்களே, அவர்தான் இருசாயி அக்கா, சதீஷ்குமாரின் அம்மா. சந்தை நாளில் தவறாமல் வருவார். மகன் எழுதியதை நான் படித்துக்காட்டினால்தான் ஊருக்கு பஸ் ஏறுவார். இன்றைக்குக் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

என் கையைப் பார்த்தீர்கள் அல்லவா. இந்த இரண்டு விரல்களும் ரிக்கில் போனவை. போர்வெல் போடுகிற லாரியோடு வடக்கே மத்தியப் பிரதேசம் வரை சுற்றியிருக்கிறேன். குழாய் இறக்கும்போது நசுங்கிவிட்டது. முதலாளி ஆஸ்பத்திரியில் சேர்த்தார், நல்லானதும் ஊருக்கு அனுப்பி இந்தக் கம்ப்யூட்டர் கடையை வைத்துக்கொடுத்தார். நான் கேஸ் போடவில்லை, போடத் தோன்றவுமில்லை. அதற்கப்புறம் மலையிலிருந்து அவருடைய ரிக்குகளுக்கு ஆள் போவதெல்லாம் என் வழியாகத்தான். ஆதார் நகல், ரயில் டிக்கெட், பேங்க் கணக்கு எல்லாம் இந்த மேசையில்தான் நடக்கும். மகன் ஃபோன் எடுக்கவில்லை என்று யாராவது வந்து கண்ணைக் கசக்கினால் முதலாளியைக் கூப்பிட்டு விசாரித்துச் சொல்வேன். இந்த மலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் நீங்கள் பார்த்த கான்கிரீட் வீடுகள் மரவள்ளி விற்றுக் கட்டியவை இல்லை. இதை நீங்கள் கோபப்படாமல் கேட்க வேண்டும்.

போன வருஷம் நீங்கள் இங்கே கூட்டம் போட்டபோது நாற்காலி எடுத்துப் போட்டதும் மைக் கட்டியதும் நான். ரிக்கில் இருக்கிறவர்களின் ஃபோனை சூப்பர்வைசர் பிடுங்கிப் பார்க்கிறான், அதனால் புகாரை மின்னஞ்சலில் பூட்டி அனுப்புங்கள் என்றீர்கள். பொதுச் சாவி, தனிச் சாவி என்று நீங்கள் விளக்க விளக்க எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் குறுக்கே புகுந்தேன். வக்கீலம்மா தன் பூட்டுகளைத் திறந்தபடி இன்டர்நெட் என்கிற பொது மண்டபத்தில் தொங்கவிட்டிருக்கிறார். பூட்டின்மேல் அவர் பெயரும் முகவரியும் இருக்கும். யார் வேண்டுமானாலும் ஒன்றை எடுத்து, எழுதியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி அனுப்பலாம். திறக்கிற சாவி அவர் இடுப்பில் மட்டும்தான் இருக்கிறது. இப்படிச் சொன்னதும் எல்லோருக்கும் புரிந்தது. 'என்னைவிட நன்றாகச் சொல்கிறீர்களே' என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

கடைசியில் ஒன்று சொன்னீர்கள். அந்த மண்டபத்தில் யார் பெயரில் யார் பூட்டு மாட்டினாலும் கேட்பாரில்லை. அதனால் பூட்டை எடுத்ததும் எனக்கு ஃபோன் செய்து, அதன் அடையாள எழுத்துகளை என்னிடமே சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். அந்த எழுத்துகளை அட்டையிலும் அச்சடித்துக் கொடுத்தீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் ஜீப் ஓட்டுகிற குழந்தைசாமி என் காதில் சொன்னார்.

"ஏனுங்க அர்த்தனாரி, அந்தம்மா நெசமா அந்தம்மாதானான்னு அந்தம்மாகிட்டயே கேக்கச் சொல்றாங்களே. இதென்னங்க கூத்து."

நானும் சிரித்தேன். ஆனால் மனசில் அது தங்கிவிட்டது. எங்கள் மலை நாட்டில் ஒரு ஆளைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அந்த ஆளிடம் கேட்கிற வழக்கம் கிடையாது. பெண் கொடுக்கப் போகிறவன் மாப்பிள்ளையிடமா போய், நீ குடிப்பாயா என்று கேட்பான்? அவன் ஊரில் ஒருவரை, பக்கத்து ஊரில் ஒருவரைக் கேட்பான். இரண்டு பேர் 'அறிவோம், நல்ல இடம்' என்றால் வெற்றிலை மாற்றிவிடுவார்கள். நேராக ஆளிடமே கேட்பது அவனைச் சந்தேகப்படுவது, அது மரியாதை இல்லை. உங்கள் அட்டையைப் பலபேர் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். ஒருவர்கூட உங்களுக்கு ஃபோன் செய்திருக்க மாட்டார்கள்.

கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று முதலாளி கேட்டார். சொன்னேன்.

"அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி போட முடியுமா அர்த்தனாரி?"

"முடியாதுங்க. ஆனா அதே பேர்ல இன்னொரு பூட்டு மாட்டலாங்க."

இதை அவர் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். கம்ப்யூட்டரில் அது பெரிய வேலையும் இல்லை. உங்கள் பெயரில் ஒரு புள்ளி கூடுதலாக வைத்து ஒரு மின்னஞ்சல் முகவரி, அதற்கொரு பூட்டு, சாவி. பூட்டை மண்டபத்தில் உங்கள் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். சாவி இந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். முதல் சில மாதம் என்ன நடந்தது என்று கேளுங்கள், அப்புறம் சுளியுங்கள். எந்தப் பூட்டை எடுப்பது என்று என்னிடம்தான் வந்து கேட்டார்கள். என் பூட்டைக் காட்டினேன். ஒருவனுக்குக் காய்ச்சல், லாரியிலேயே படுக்கவைத்திருக்கிறார்கள் என்று எழுதினான். நான் முதலாளியிடம் சொல்லி அன்றைக்கே ஊருக்கு அனுப்பவைத்தேன். இன்னொருவனை சூப்பர்வைசர் அடித்தான், அந்த சூப்பர்வைசரை வேறு வண்டிக்கு மாற்றவைத்தேன். உங்களுக்கு எழுதினால் நீங்கள் மனு போடுவீர்கள், வாய்தா வாங்குவீர்கள். நான் எழுதியவனுக்கு உடனே பதில் போடுவேன், 'தைரியமாக இருங்கள் தம்பி' என்று முடிப்பேன். மலையெல்லாம் உங்களுக்கு நல்ல பெயர். உங்கள் பெயரில் நான் உங்களைவிட நல்ல வக்கீலாக இருந்தேன். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

அப்புறம்தான் காத்தான் விஷயம் வந்தது. காத்தான் எங்கள் ஊர்க்காரன், பூங்குழலியைக் கட்டி ஒரு பெண் குழந்தை. ரிக்கிலிருந்து அவன் ஓடிவிட்டான் என்று முதலாளி ஃபோன் செய்தார். நான்தான் பூங்குழலியிடம் போய்ச் சொன்னேன். அங்கே யாரோ ஒரு பெண்ணோடு போய்விட்டதாகப் பேச்சு என்றும் சொன்னேன். அது முதலாளி சொன்னதில்லை. அப்படிச் சொன்னால்தான் தேடமாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. அவள் அழவில்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, 'சரிங்க' என்றாள்.

அதே வண்டியில்தான் சதீஷ்குமார் இருந்தான். உங்கள் கூட்டத்துக்கு முன்பே வடக்கே போனவன். வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார், பூட்டி எழுதலாம் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மண்டபத்தில் உங்கள் பெயரைத் தேடியிருக்கிறான். இரண்டு பூட்டு தொங்கியிருக்கிறது. அவன் பன்னிரண்டாவது படித்தவன், ஃபோனில் கெட்டிக்காரன். உங்கள் அலுவலக நம்பரும் அங்கேயே இருந்தது, ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். ஆனால் அவனும் எங்கள் ஊரில் வளர்ந்தவன்தானே. சந்தை நாளில் அம்மாவைக் கூப்பிட்டு, என் கடைக்குப் போகச் சொல்லியிருக்கிறான். அக்கா ஃபோனை இந்த மேசைக்கு மேலாக நீட்டினார்.

"மாமா, வக்கீலம்மா பேர்ல ரெண்டு பூட்டு தொங்குதுங்க. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. எது நெசமுங்க?"

"புதுசு மாப்ள. பழசை அவங்க விட்டுட்டாங்க."

"உங்களுக்கு நல்லாத் தெரியுமுங்களா?"

"நாந்தான்டா கூட்டத்துல மைக்கு கட்டுனேன்."

பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தபடி இரண்டாவது ஆளையும் கேட்டான். "அம்மாகிட்டக் குடுங்க" என்றான். அக்கா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"ஆமாங் கண்ணு, புதுசுதான். மாமனே சொல்றாருல்ல. அந்தம்மா நல்லவங்கன்னு ஊரே சொல்லுது."

அக்கா உங்களை அதுவரை பார்த்ததுகூட இல்லை. இரண்டு பேர் என்றால் இரண்டு பேரும் தனித்தனியாகத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், அதுதான் வழக்கம். இங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான், அக்கா என் வாயைப் பார்த்துச் சொன்னார். அது அவனுக்குத் தெரிய வழியில்லை. இந்த விவரத்தை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவன் எழுதியது வந்தது. யாரோ ஒருவருக்கு ரேஷன் கார்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன், எடுத்து முடித்து அனுப்பிவிட்டுத் திறந்தேன். காத்தான் ஓடவில்லை. குழாய் கழன்று அவன் இடுப்பில் விழுந்திருக்கிறது. உயிர் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வரும், வண்டி நிற்கும், என்ன செய்வது என்று சூப்பர்வைசர் முதலாளியிடம் ஃபோனில் கேட்டிருக்கிறான். காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். லாரி நிழலில் கிடத்தியிருக்கிறார்கள். 'தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தான், தண்ணி குடுத்தா செத்துருவான்னு குடுக்க வுடல' என்று எழுதியிருந்தான். பொழுது இறங்குவதற்குள் போய்விட்டான். காட்டோரம் புதைத்துவிட்டார்கள். சதீஷ்குமார் எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்திருந்தான். சூப்பர்வைசர் முதலாளியோடு பேசியதும் அதில் இருக்கிறது என்றான்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொல்லவில்லை. மறுநாள் இறங்கியது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் படம் உங்கள் கைக்கு வந்திருந்தால் முதலாளி உள்ளே போவார். மற்ற ரிக் முதலாளிகள் கொல்லிமலை ஆளே வேண்டாம் என்று ஒரிசாவிலிருந்து கூட்டிவருவார்கள். காத்தான் திரும்பி வரப்போவதில்லை. ஒருவனுக்காக இத்தனை வீட்டு அடுப்பை அணைக்கலாமா? நீங்கள் நாமக்கல்லில் இருந்துகொண்டு அணைக்கலாம் என்பீர்கள். நான் இங்கே இருக்க வேண்டியவன்.

முதலாளியிடம் சொன்னேன். "அவன் என்ன கேக்கறான்?" என்றார். "ஒண்ணும் கேக்கலீங்க, காத்தானை எடுத்து ஊர்ல அடக்கம் பண்ணணுங்கறான்" என்றேன். முதலாளிக்கு அதுதான் பயமாகிவிட்டது. கேட்கிறவனாக இருந்தால் கொடுத்து முடித்திருப்பார்.

உங்கள் பெயரில் பதில் எழுதினேன். நல்ல பதில், இன்னும் வைத்திருக்கிறேன். படத்தை அனுப்ப வேண்டாம், ஃபோனோடு நேரில் வாருங்கள் என்றேன். வேலையைவிட்டுச் சொல்லாமல் கிளம்புங்கள். என் அலுவலகத்துக்கு வராதீர்கள், அங்கே ஆள் நிற்கிறது. மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்குங்கள், வெள்ளைக் கார் வரும். வீட்டுக்குச் சொல்லாதீர்கள், அர்த்தனாரியிடம்கூடச் சொல்லாதீர்கள், அவர் முதலாளிக்கு வேண்டியவர். இந்தக் கடைசி வரியை எழுதும்போது கொஞ்சம் யோசித்தேன். ஆனால் அந்த வரியால்தான் அவனுக்கு முழு நம்பிக்கை வந்தது. 'நீங்க சொல்றது சரிதாங்கம்மா, மாமா நல்லவருதான், ஆனா முதலாளிகிட்ட ஒளிக்க மாட்டாரு' என்று எழுதினான். அதைப் படித்து வருத்தப்பட்டேன்.

அவன் வருகிற அன்று நான் போவதாக இல்லை. முதலாளியின் மேனேஜர்தான் கூப்பிட்டார், முன்பின் தெரியாதவர்களைப் பார்த்தால் பையன் ஏறமாட்டான் என்றார். அது சரிதான். கடைத்தெருவில் காலை வெயிலில் தோள்பையோடு நின்றிருந்தான். மெலிந்து போயிருந்தான். காரைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்னால் வைத்தான். நான் கண்ணாடியை இறக்கினேன். முதலில் முகம் வெளுத்தது. நான்தான் சிரித்துக்கொண்டே, "வக்கீலம்மாதான்டா என்னை அனுப்பிச்சாங்க" என்றேன்.

"மாமா, நீங்களும் அவங்க பக்கந்தானுங்களா? உங்களப் போயி தப்பா நெனச்சுட்டனே."

அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். மலை ஏற ஏறப் பேசிக்கொண்டே வந்தான். ரயிலில் தூங்கவே இல்லையாம். "அம்மாவைப் பாத்துட்டுப் போலாமுங்களா?" என்றான். "அப்பறம் பாக்கலாம் கண்ணு" என்றேன். காத்தானின் படத்தை வக்கீலம்மா பார்க்க வேண்டுமாம் என்று ஃபோனை வாங்கிக்கொண்டேன், திறக்கிற எண்ணையும் கேட்டேன், சொன்னான். நாலைந்து வளைவு போனதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். நான் அசையாமல் இருந்தேன். பாவம், அசந்து தூங்கினான்.

பாதி மலையில் ஒரு டீக்கடை இருக்கிறது. மேனேஜர் என்னை இறங்கிக்கொள்ளச் சொன்னார். இறங்கும்போது விழித்துக்கொண்டான். "எங்க மாமா போறீங்க?" என்றான். "நீ போ மாப்ள, இவங்க நம்மாளுங்கதான், எனக்குத் தெரியும்" என்றேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். நான் டீ குடித்தேன். கார் திரும்பி இறங்கி வந்தபோது பின்சீட்டில் யாரும் இல்லை. எந்த வளைவு என்று மேனேஜர் பிறகு சொன்னார். போலீஸ்காரர்களுக்குக் காட்டுகிறேன், கயிறு வேண்டும், பள்ளம் ஆழம்.

அதற்கப்புறம் அவன் ஃபோனும் அதிலிருந்த அவனுடைய சாவியும் என்னிடம் இருந்தன. திடீரென்று நின்றால் யாராவது கேட்பார்கள் என்று, சதீஷ்குமார் உங்களுக்கு எழுதுவதும் நீங்கள் பதில் போடுவதுமாகக் கொஞ்ச நாள் நடத்தினேன். இரண்டு பக்கமும் நானே. அவன் காத்தான் விஷயத்தில் தான் தவறாகச் சொல்லிவிட்டதாக எழுதினான். நீங்கள் பெருந்தன்மையாக மன்னித்தீர்கள். ஆப்பிரிக்காவுக்கு ரிக் போகிறது, நானும் போகிறேன் என்றான். நல்லபடி போய் வா என்றீர்கள். அக்காவுக்கும் வாராவாரம் அவன் எழுதினான். அங்கே வெயில், சோறு பரவாயில்லை, மருந்தை விடாமல் சாப்பிடு என்று. அக்காவுக்கு முகம் தெளிந்துவிட்டது. அது பொய்யா வக்கீலம்மா? அவன் இருந்திருந்தால் அதைத்தானே எழுதியிருப்பான்.

மாட்டிக்கொண்டது என் அஜாக்கிரதையால்தான். காத்தான் வீட்டார் உங்களிடம் வந்திருக்கிறார்கள் என்று முதலாளிக்குத் தெரிந்தது. சதீஷ்குமார் பெயரில், அவன் சாவியால் முத்திரை வைத்து, உங்கள் உண்மையான முகவரிக்கே ஒன்று அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். 'முன்பு உங்களுக்கு எழுதியதெல்லாம் தவறு அம்மா, மன்னித்துவிட்டீர்கள், அதையே காத்தான் வீட்டாருக்கும் சொல்லுங்கள்' என்று எழுதிவிட்டேன். உங்களுக்கு முன்பு எதுவும் வரவில்லை, நீங்கள் யாரையும் மன்னிக்கவில்லை. இத்தனை நாள் நீங்களாக இருந்ததில், வெளியே இன்னொரு பரிமளா இருப்பது எனக்கு மறந்துபோயிருந்தது. மண்டபத்தில் போய்த் தேடினீர்கள், உங்கள் பெயரில் இரண்டு பூட்டு இருந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அதோ, அக்கா எழுந்து வருகிறார். உள்ளே வரும்போது வாசலில் அவரிடம் உங்கள் பெயரைச் சொன்னீர்கள், உங்கள் மகன் எனக்கு எழுதியதே இல்லை என்றீர்கள். என் காதிலும் விழுந்தது. அவர் நம்பவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேச வேண்டாம், அவர் என்னிடம்தான் கேட்பார்.

"ஏஞ்சாமி அர்த்தனாரி, இவங்க நெசமாவே அந்த வக்கீலம்மாதானா? எம் பையன் எழுதவே இல்லீங்கறாங்க."

"இவங்கதானுங்கக்கா. நல்லவங்க. நான் அறிவேன்."

பார்த்தீர்களா, வேற்றாள் என்று தலையில் போட்டிருந்த முந்தானையை இறக்கிவிட்டார். இனி நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார். பெஞ்சை இப்படி இழுத்துப் போட்டு உட்காரவையுங்கள். எல்லாவற்றையும் நீங்களே சொல்லுங்கள், டீக்கடை, கார், பள்ளம், அந்த ஃபோன் பேச்சைத் தவிர எதையும் விடவேண்டாம். சொன்னதும் அவர் உங்களைப் பார்க்கமாட்டார், இரண்டாவது ஆளுக்காக என் பக்கம் திரும்புவார். ஆமாம் அக்கா, நான்தான் ஏற்றிவிட்டேன் என்று சொல்கிறேன். அதுவரைக்கும் போலீஸ்காரர்களைப் பொறுக்கச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை சொல்ல, அவருக்கு என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.